ராமானுஜனுக்கு 77 ஆண்டுகள் முன்பே... கிணற்றுத் தண்ணி இறைக்க ஸ்டீம் இன்ஜின் செய்து தொடங்கிய முதல் இந்திய எஃப்.ஆர்.எஸ்!

லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வான முதல் இந்தியர் யார்? தமிழ்நாட்டில் கேட்டால் பெரும்பாலும் ராமானுஜன் என்றுதான் பதில் வரும். தப்பு. ராமானுஜன் இரண்டாவது. அவர் தேர்வானது 1918 மே மாதத்தில். அதற்கு 77 ஆண்டுகள் முன்பே, 1841 மே 27 அன்று, பம்பாயைச் சேர்ந்த ஒரு பார்சி இளைஞர் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டார். பெயர் அர்தசீர் கர்செட்ஜி வாடியா. அப்போது வயது 32.

அவர் கணித மேதை இல்லை. கல்லூரிப் பட்டமும் கிடையாது. பம்பாய், கல்கத்தா, சென்னை பல்கலைக்கழகங்களே 1857-ல்தான் வந்தன, அதே ஆண்டில் இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்துக்கொண்டே நீராவியைக் கற்றுக்கொண்டவர். ஒரு சின்ன இன்ஜின் செய்தார், பிறகு ஒரு சின்ன கப்பலில் இன்ஜினைப் பொருத்தி ஓட்டினார். ராயல் சொசைட்டி வரை அவரைக் கொண்டுபோனதில் அந்தச் சின்ன கப்பலுக்குப் பெரிய பங்கு உண்டு.

யார் இந்த வாடியாக்கள்?

இன்று வாடியா என்றால் துணி ஆலை, பிஸ்கட் என்று ஞாபகம் வரும். ஆனால் குடும்பத்தின் அடித்தளம் தேக்கு மரமும் உளியும்தான். 1736-ல் சூரத்திலிருந்து லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்ற தச்சரை கிழக்கிந்திய கம்பெனி பம்பாய்க்கு அழைத்து வந்தது. அதன்பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக பம்பாய் கப்பல் தளத்தின் தலைமைக் கட்டுநர் பதவி அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவே இல்லை. பிரிட்டிஷ் கடற்படைக்கே போர்க்கப்பல் கட்டிக் கொடுத்தார்கள். 1817-ல் அவர்கள் தளத்திலிருந்து இறங்கிய ஒரு கப்பலுக்கு நம்ம திருகோணமலையின் பெயர்: டிரிங்கோமலி. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் அது இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. மலபார் தேக்கின் உழைப்பு அப்படி.

அந்த வீட்டில் 1808 அக்டோபர் 6 அன்று பிறந்தவர் அர்தசீர். அப்பா கர்செட்ஜி ருஸ்தம்ஜியும் கப்பல் கட்டுநர். 14 வயதில் பையனைத் தளத்துக்குக் கூட்டிப்போனார் அப்பா. குடும்ப வழக்கப்படி பார்த்தால் மரத்தைப் பார்த்ததும் எந்த இடத்துக்கு எது ஆகும் என்று சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பையனுக்கு மரத்தைவிட இரும்பும் பித்தளையும்தான் பிடித்தது. சரியாகச் சொன்னால், நீராவி.

கேபினெல்லாம் கரி

அர்தசீர் வளர்ந்த காலத்தை கொஞ்சம் பார்த்துவிடலாம். 1819-லேயே லக்னோவில் அவத் நவாபுக்காக ஒரு சிறிய நீராவிப் படகு ஓடியது. 1825-ல் எண்டர்பிரைஸ் என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர 113 நாள் ஆனது. அதிலும் கணிசமான நாள்கள் பாயை விரித்துத்தான் ஓடியது. 1828-ல் கல்கத்தா பக்கம் டிட்டாகரைச் சேர்ந்த கோலக் சந்திரா என்ற கொல்லர், சேராம்பூர் பாதிரிமார்களின் காகித ஆலையில் இருந்த இன்ஜினைப் பார்த்து அதேபோல ஒன்றைத் தானே செய்து காட்டி 50 ரூபாய் பரிசு வாங்கினார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

பம்பாயில் விஷயம் சூடு பிடித்தது 1829-ல். அர்தசீரின் குடும்பப் பெரியவர்கள் ஹியூ லிண்ட்சே என்ற 411 டன் நீராவிக் கப்பலைக் கட்டினார்கள். 80 குதிரைத்திறனில் இரண்டு இன்ஜின்கள். 1830 மார்ச் 20 அன்று சூயஸுக்குப் புறப்பட்டது. ஏடன் வரை போக 11 நாள் ஆகும். ஆனால் கப்பலில் ஐந்தரை நாளைக்கான கரிக்குத்தான் இடம். என்ன செய்வது? கேபின், சரக்கறை என்று காலி இடமெல்லாம் கரியைக் கொட்டினார்கள். ஏடனைத் தொட்டபோது மிச்சமிருந்தது சில மணி நேரக் கரி மட்டும்.

கப்பலில் தப்பு இல்லை. அந்தக் காலத்து பாய்லர் அவ்வளவு கரி தின்றது. கரி எரிந்து வரும் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போனது. கடல்நீரையே பாய்லரில் ஊற்றியதால் உள்ளே உப்பு படிந்தது. நம்ம ஊர் போர் தண்ணியைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அது மாதிரி, ஆனால் பல மடங்கு. படிவு தடித்தால் சூடு தண்ணிக்குப் போகாது, இரும்புத் தகடு மட்டும் காயும். அதனால் அவ்வப்போது அடர்ந்த உப்புநீரைக் கடலில் வெளியேற்றிவிட்டு புதுத் தண்ணி ஏற்றுவார்கள். வெளியேறும் தண்ணியோடு, அதைச் சூடாக்கச் செலவான கரியும் போச்சு.

21 வயது அர்தசீருக்கு இதெல்லாம் கண்முன்னே நடந்த சங்கதி.

ஒரு எச்.பி. என்றால் எவ்வளவு?

அர்தசீர் எடுத்த எடுப்பில் கப்பலில் கைவைக்கவில்லை. முதலில் அவர் செய்தது ஒரு குதிரைத்திறன் கொண்ட சின்ன இன்ஜின். வேலை? கிணற்றிலிருந்து தண்ணி இறைத்து நீரூற்றுக்கு ஏற்றுவது.

அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாகக்கூட இருக்கலாம். அங்கே வீட்டுக்கு வீடு மொட்டை மாடி டேங்குக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் அரை எச்.பி. அல்லது ஒரு எச்.பி. சுவிட்சைத் தட்டினால் ஓடும். அதே ஒரு எச்.பி.யை நீராவியில் எடுக்க என்ன பாடு பட வேண்டும் என்று கணக்குப் போட்டால்தான் அர்தசீரின் வேலை புரியும்.

அந்தக் காலப் பொறியாளர்கள் கையில் ஒரு தோராயக் கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு கன அடி தண்ணி நீராவியாக வேண்டும். அதாவது 28 லிட்டர். நாம் வீட்டுக்கு வாங்கும் 20 லிட்டர் கேன் ஒன்றும், இன்னொரு கேனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவும், மணிக்கு மணி கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தீ படும் உலோகப் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர கெஜம் வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. இத்தனையும் ஒரு குழாயடி மோட்டார் செய்யும் வேலைக்கு!

இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்தால் சிலிண்டரைத் துல்லியமாகக் கடைந்து கொடுக்க லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. 1830-களின் பம்பாயில் வார்ப்பு அச்சு செய்வதில் தொடங்கி பிஸ்டன் ஆவி கசியாமல் உட்காருவது வரை எல்லாமே கைவேலை, கண் அளவு.

ஏன் சின்னதில் ஆரம்பிக்க வேண்டும்?

இன்றும் மாதிரி நீராவிப் படகு செய்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒரு மீட்டர் நீளப் படகு, உள்ளே உள்ளங்கை அளவு இன்ஜின், அதற்கு ஒரு குட்டி பாய்லர். திருவிழாக் கடைகளில் விற்கும் தகரப் படகு, எண்ணெய்த் திரி ஏற்றினால் டுப்பு டுப்பு என்று ஓடுமே, அதற்குக்கூட அடியில் ஒரு துளியூண்டு பாய்லர் உண்டு. அந்தப் பொம்மைக்கு 1891-லேயே லண்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர்.

ஆனால் நிஜமான இன்ஜினை ஓட்டும் குட்டி பாய்லர் விளையாட்டு இல்லை. உதாரணத்துக்கு, 75 மில்லிமீட்டர் விட்டம், 150 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு செம்பு உருளை. உள்ளே 660 மில்லி வரை பிடிக்கும். முழுசா நிரப்பக் கூடாது, ஆவிக்கு இடம் விட வேண்டும். அடிவரை வற்றவும் விடக் கூடாது. ஆக செலவழிக்கக் கூடியது சுமார் 300 மில்லி. இன்ஜின் நிமிடத்துக்கு 15 மில்லி குடித்தால் படகு 20 நிமிடம் ஓடும்.

தகட்டின் கனம்? அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, உலோகம் தாங்கக்கூடிய தகைவின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 4 பார் அழுத்தத்துக்கு, செம்பில் சதுர மில்லிமீட்டருக்கு 21 நியூட்டன் மட்டும் ஏற்றலாம் என்று பயந்து வைத்துக்கொண்டால், விடை 0.7 மில்லிமீட்டர் வருகிறது. செய்பவர்கள் 1.6 மில்லிமீட்டர் போடுவார்கள். பற்றவைக்கும்போது செம்பு இளகிவிடும், ஓட்டைகள் போட வேண்டியிருக்கும், காலப்போக்கில் தேயும். இரட்டிப்புக்கும் மேல் போடுவது கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத இடம் என்பதால்தான்.

இணைப்புக்கு சாதாரண ஈயப் பற்று ஆகாது. 4 பாரில் ஆவியின் சூடு 152 டிகிரி. ஈயப் பற்று 183 டிகிரியில் உருகிவிடும். தண்ணி வற்றினால் அந்த இடைவெளி நொடியில் காணாமல் போகும். அதனால் 600 டிகிரிக்கு மேல் தாங்கும் வெள்ளி கலந்த பற்று போடுவார்கள். முடிந்ததும் உடனே அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். பச்சைத் தண்ணியை முழுக்க நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு பம்ப் செய்து பார்ப்பார்கள். தண்ணி சுருங்காது என்பதால் எங்காவது விட்டுக்கொடுத்தாலும் ஒரு சொட்டு கசியும், அவ்வளவுதான். காற்றையோ ஆவியையோ வைத்துச் சோதித்தால் வெடிகுண்டுதான்.

இந்தியச் சட்டம் 25 லிட்டருக்கு மேற்பட்ட கலனைத்தான் பாய்லர் என்று கணக்கில் எடுக்கிறது. 660 மில்லி குட்டிக்கு இன்ஸ்பெக்டர் வர மாட்டார். பாதுகாப்பு வால்வு ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்ப்பது செய்தவர் பொறுப்பு. அர்தசீர் காலத்தில் பெரிய பாய்லருக்கே சட்டம் கிடையாது. கல்கத்தாவில் 1863-ல் ஒன்று வெடித்துப் பல உயிர்கள் போன பிறகுதான், அடுத்த ஆண்டு வங்காளத்தில் முதல் சட்டம் வந்தது.

இன்னொரு சிக்கல், சின்னதாக்கினால் எல்லாம் ஒரே விகிதத்தில் சின்னதாகாது. பாய்லரை எல்லாப் பக்கமும் பாதியாக்கினால் பரப்பு கால் பங்காகும், கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகும். அதாவது உள்ளே இருக்கும் தண்ணிக்கு, சூட்டை வெளியே இழக்கும் தோல் இரு மடங்கு. டபரா காபி ஆறுகிற வேகத்தில் அண்டா வெந்நீர் ஆறாது இல்லையா, அதே கதைதான். குட்டி பாய்லரைச் சுற்றி மரப் பட்டியோ கம்பளியோ கட்டுவது அழகுக்காக மட்டும் இல்லை.

கிணற்றடியிலிருந்து கடலுக்கு

1833. அர்தசீருக்கு 25 வயது. மஜகாவ் தளத்தில் துணைக் கட்டுநர் பதவி. அதே ஆண்டில் தானே வடிவமைத்து 60 டன்னில் ஒரு கடலோடும் கப்பலை இறக்கினார். பெயர் இண்டஸ், சிந்து நதியின் பெயர். இங்கிலாந்திலிருந்து 10 குதிரைத்திறன் இன்ஜின் வரவழைக்கப்பட்டது. அதைக் கப்பலில் ஏற்றிப் பொருத்தி ஓடவைத்தவர் அர்தசீர்.

இன்ஜினைக் காசு கொடுத்து வாங்கியாச்சே, இதில் என்ன சாதனை என்று தோன்றலாம். இங்கேதான் விஷயமே இருக்கிறது. கிணற்றடியில் நிற்கிற பாய்லர் அசையாது. கப்பலில் எல்லாமே ஆடும். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது பாய்லருக்குள் தண்ணியும் சாயும். மேடான பக்கத்துத் தகடு தண்ணியை விட்டு வெளியே வந்து தீயில் காயும். தாழ்ந்த பக்கத்தில் தண்ணி துள்ளி ஆவியோடு சேர்ந்து இன்ஜினுக்குள் போகும். சுருங்காத தண்ணி சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் முட்டி உடைய வேண்டியதுதான். அதோடு எடை. பாய்லரை உயரமாக வைத்தால் கப்பல் கவிழப் பார்க்கும். முன்னே வைத்தால் மூக்கு அமுங்கும். நடுவில், எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைக்க வேண்டும். ஆனால் அடியில் தீ மரத்தைத் தொடக் கூடாது, மேலே ஆவி எடுக்க உயரமும் வேண்டும். ஒரு மீட்டர் பொம்மைப் படகு செய்பவர் இன்றும் மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதே கணக்கில்தான்.

கப்பல் கட்டத் தெரிந்தவர்களுக்கு நீராவி தெரியாது, நீராவி தெரிந்தவர்களுக்குக் கப்பல் தெரியாது என்று இருந்த ஊரில், இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தது.

அடுத்த ஆண்டு மஜகாவ் பங்களாவையும் தோட்டத்தையும் எரிவாயு விளக்கால் ஒளிர வைத்தார். கவர்னரே வந்து பார்த்துப்போனார். பம்பாய்த் தெருக்களுக்கு எரிவாயு விளக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆனது.

லண்டன்

1839-ல் எகிப்து வழியாக இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அப்போதே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள், ஜஹாங்கீர் நவ்ரோஜியும் ஹிர்ஜிபாய் மெர்வான்ஜியும், அங்கே கப்பல் கட்டும் கலை படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படித்தது கட்டுமானம். இவர் போனது நீராவி இயந்திரங்களுக்காக. ஓராண்டு தங்கி பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். அந்தப் பயண நாட்குறிப்பு 1840-ல் லண்டனில் புத்தகமாகவே வந்தது.

ராயல் சொசைட்டிக்கு அவர் பெயரை முன்மொழிந்தவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியம். பம்பாய்க்கு எரிவாயு விளக்கைக் கொண்டுவந்தவர் என்பது ஒன்று. 60 டன் கப்பலைக் கட்டி அதில் நீராவி இன்ஜினைப் பொருத்தியவர் என்பது இன்னொன்று. பெரிய ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் அவர் எழுதியிருக்கவில்லை. அன்றைய ராயல் சொசைட்டி இன்று போல முழுக்க விஞ்ஞானிகள் சபை அல்ல, செல்வாக்குள்ள கனவான்களும் நிறைய இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு காலனி நாட்டுக்காரரை, கையில் கரி படிந்த ஒருவரை, கைவேலைக்காகவே ஏற்றுக்கொண்டார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. தேர்வு முடிவு வந்தபோது அவர் லண்டனில் இல்லை. பம்பாயில் வேலையில் இருந்தார்.

கீழே வெள்ளைக்காரர்கள்

அந்த வேலைதான் பெரிய சண்டை. 1841 ஏப்ரல் 1 முதல் கம்பெனியின் நீராவித் தொழிற்சாலைக்கும் வார்ப்படசாலைக்கும் அவர் தலைமைப் பொறியாளர், இயந்திர ஆய்வாளர். மாதச் சம்பளம் 600 ரூபாய். அவருக்குக் கீழே இங்கிலாந்திலிருந்து வந்த ஃபோர்மேன்கள், இன்ஜினியர்கள், பாய்லர் செய்பவர்கள். ஒரு இந்தியரின் உத்தரவை ஐரோப்பியர்கள் கேட்டு நடக்க வேண்டிய நிலை அதுவரை அங்கே வந்ததில்லை.

பம்பாயின் ஆங்கிலப் பத்திரிகை உலகில் எதிர்ப்பு கிளம்பியது. எவ்வளவு படித்திருந்தாலும் ஒரு உள்ளூர்க்காரரால் இங்கிலீஷ் தொழிலாளர்களைக் கட்டி மேய்க்க முடியுமா என்பதுதான் வாதம். பாய்லரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பிரச்சினை பிறப்புதான். கம்பெனிக்காரர்கள் நல்ல மனசால் அவரை வைத்துக்கொண்டதாக நினைக்கவும் தேவையில்லை. செங்கடல் வழியாகத் தபால் கப்பல்கள் போய்வர ஆரம்பித்திருந்தன, அவற்றை ஓடும் நிலையில் வைத்திருக்க ஆள் வேண்டும். அவர் 16 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

இடையில் 1849-ல் மறுபடி வெளிநாட்டுப் பயணம், அமெரிக்கா வரைக்கும். 1851-ல் லவ்ஜி ஃபேமிலி என்ற நீராவிக் கப்பலை இறக்கினார். முதல் முறை வாங்கிய இன்ஜின். இந்த முறை அப்படி இல்லை, பாகங்கள் அவருடைய சொந்த வார்ப்படசாலையிலேயே உருவானவை. தையல் இயந்திரம், புகைப்படம், மின்முலாம் எல்லாவற்றையும் பம்பாய்க்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

1857-ல் ஓய்வு. 1861-ல் மறுபடி ஒரு அழைப்பு: சிந்து நதியில் நீராவிப் படகுகள் ஓட்டிய இண்டஸ் ஃப்ளோட்டில்லா நிறுவனத்துக்கு கோட்ரியில் ஒரு பட்டறை, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 25 வயதில் எந்த நதியின் பெயரைத் தன் சின்ன கப்பலுக்கு வைத்தாரோ, அதே நதிக்கரையில் 53 வயதில் பாய்லர்களோடு மல்லுக்கட்டினார். இரண்டு ஆண்டுகள்தான்.

வீட்டுக் கதை அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. பம்பாயில் மனைவி ஆவாபாயும் குடும்பமும் இருந்தார்கள். மேரியன் பார்பர் என்ற ஆங்கிலப் பெண்ணோடும் அவர் இணைந்து வாழ்ந்தார், அவர்களுக்கும் பிள்ளைகள். அந்தக் காலப் பார்சி சமூகத்திலும் சரி, ஆங்கிலேயர் வட்டத்திலும் சரி, இது எளிதில் ஜீரணமாகிற விஷயம் இல்லை. 1860-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ரிச்மண்டில் குடியேறினார். 1877 நவம்பர் 16 அன்று அங்கேயே காலமானார். ராயல் சொசைட்டியில் அவருக்கு அடுத்து ஒரு இந்தியர் பெயர் ஏற, அதன்பிறகும் 40 ஆண்டுகள் ஆனது. 1969-ல் இந்திய தபால் துறை அவர் படத்தோடு 20 பைசா தபால்தலை ஒன்று வெளியிட்டது.